பேய் மாளிகையில் சொல்லாமல் வந்தது

கிரான்பர்ன்
3.8.2025, ஞாயிறு

என் அன்பு மகள் தாட்சாயினிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் இடது முழங்காலையும் எங்கள் வீட்டு ஹீட்டரையும் தவிர. இரண்டும் காலையில் சத்தம் போடுகின்றன, ஆனால் வேலை செய்வதில்லை. நீயும் மருமகனாக வரப்போகிற ஜெயதீபனும் ஜமேக்காவில் சுகமாக இருக்க வேண்டுமென்று வெள்ளிக்கிழமை கோயிலில் முருகனிடம் சொல்லிவிட்டு வந்தேன், கேட்டாரோ தெரியாது, அவரும் உன்னைப் போலத்தான், பார்ப்பார், பதில் போடமாட்டார். இந்தக் காலத்தில் பேனை பிடித்துக் கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. நான் அனுப்பும் குரல் மெசேஜை எல்லாம் நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று ஜெயதீபன் வாய் தவறிச் சொல்லிவிட்டார். கடிதத்தை அப்படி ஓடவிட ஏலாது. ஒரு கதிரையைப் போட்டு இருந்து வாசி.

நாங்கள் உன்னிடமிருந்து திரும்பி வந்து மூன்று கிழமை. இந்த மூன்று கிழமையில் உன்னிடமிருந்து வந்தது ஒரேயொரு மெசேஜ். அந்த மாளிகையில் ஏன் ஒன்றும் வாயில் வைக்கவில்லை, கலியாண ஏற்பாடு பார்க்கிற பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏன் போய்க் காரில் ஏறினீர்கள், தை மாதம் அங்கேதான் எனக்குக் கலியாணம், நீங்கள் வருவீர்களா மாட்டீர்களா என்று. எல்லாம் ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் கேட்டால் கோபம் தெரியாது என்று நினைத்தாயாக்கும். சரி, மூன்றுக்கும் மறுமொழி எழுதுகிறேன், ஆனால் என் ஒழுங்கில்தான் எழுதுவேன்.

முதலில் இந்த யோசனை யாருடைய மண்டையில் முளைத்தது என்று எனக்குத் தெரியும். உன் வருங்கால மாமியார் மிருணாளினி. தான் இருக்கிற மெரிலேண்ட்ஸில் அவர் போகிற கடையில் எல்லாம் அந்த மாளிகையின் படத்தைப் போனில் எடுத்துக் காட்டி, "எங்கட கலியாணத்துக்குப் பேயும் வரும்" என்று சிரிக்கிறாராம். பேய் வரும் என்று சொல்லிக் கலியாணத்துக்கு ஆள் கூட்டுகிற சம்பந்தியை நான் இப்போதுதான் பார்க்கிறேன். ராகுகாலத்தில் பால் வாங்கக்கூடப் படி இறங்காத மனுசி. உங்கள் இரண்டு பேரின் சாதகத்தையும் மூன்று சாத்திரிமாரிடம் கொடுத்துப் பார்த்தவர். செத்தவீட்டுக்குப் போய்வந்த ஒருவரும் தாலிக்குப் பொன்னுருக்குகிற சடங்குக்கு வரக்கூடாது என்று எனக்கே போன் எடுத்துச் சொன்னவர். கடைசியில் பிள்ளைகளுக்குத் தாலி கட்ட எடுத்த இடம், மூன்று புருசன்மாரைக் கொன்ற வெள்ளைக்காரியின் வீடு. அதற்கு மட்டும் எந்தச் சாத்திரி நாள் குறித்தார் என்று நான் கேட்டதாகச் சொல்.

அந்த மாளிகைக்குப் போன சனிக்கிழமையை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. பதினொரு வருடம் தற்காலிக விசாவில் இந்த நாட்டைவிட்டு அசைய முடியாமல் கிடந்து, ஒருவழியாக நிரந்தரம் கிடைத்து, முதல்முதல் வெளியே போன பயணத்தில் நீ எங்களைக் கூட்டிக்கொண்டு போனது பேய் பார்க்க. பேய்க்குப் பயந்தா நாங்கள் ஊரைவிட்டுப் படகு ஏறினோம்? வின்ரபோர்ன் மாளிகை என்று பெரிய எழுத்துப் பலகை, வாசலில் கல்படி, மேலே வெள்ளைத் தூண்கள். நாங்கள் பதினைந்து பேர், வழிகாட்டி மிஸ் வெர்னா தலையில் துணி கட்டி அந்தக் காலத்து வேலைக்காரி மாதிரி உடுத்தி நின்றா. இந்த அறையில் முதல் புருசனுக்கு நஞ்சு வைத்தாள், அந்த அறையில் இரண்டாவது ஆளைக் குத்தினாள், மூன்றாவது ஆளை எங்கே என்று கேட்காதீர்கள், அதற்குக் கீழே வாருங்கள் என்றா. ஒவ்வொரு அறையிலும் சனம் ஊ என்று கத்துகிறது. நீயும் கத்தினாய், ஆஸ்பத்திரியில் நாளுக்கு எத்தனை சாவு பார்க்கிற பிள்ளை.

பிறகு அந்தக் கண்ணாடி. யன்னல்களை அடைத்த அறை, சுவரில் ஆளுயரக் கண்ணாடி, படம் எடுத்தால் அவளுடைய முகம் விழும் என்றதும் ஓர் அமெரிக்க மனுசி வெளிச்சம் அடித்துப் படம் எடுத்தா, எடுத்தவுடன் போனைப் போட்டுவிட்டுக் கத்தினா. படத்தில் ஒரே இருட்டு, முகம் இல்லை, கண் இல்லை, மூன்று வெள்ளைக் கோடு மட்டும் அந்தரத்தில் மினுங்குகிறது. பதினைந்து பேரும் கூடி நின்று பார்த்தார்கள், ஒரு பெடியன் அழுதும்விட்டான். உன் அப்பா பின்னுக்கு நின்று தன் நெற்றியைத் தடவிக்கொண்டு, "ஐ ஆம் சொறி" என்றார். காலையில் அள்ளிப் பூசிய திருநீறு. அந்த வீட்டில் சைவப் பேய் வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்கும். அப்பா அந்த அமெரிக்க மனுசியிடம் படத்தைக் கேட்டு வாங்கி, இங்கே வந்து பெரிதாக்கிச் சட்டம் போட்டு முன்னறைச் சுவரில் மாட்டியிருக்கிறார். பிறந்து அறுபத்துமூன்று வருடத்தில் சனம் தன்னைப் பார்த்துப் பயந்தது அந்த ஒரு நாள்தானாம், அதுவும் நான் பயப்படவில்லையாம். வருகிற ஆட்களுக்கெல்லாம் தேத்தண்ணிக்கு முதல் அந்தப் படம்தான்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். சுற்றிக் காட்டி முடிந்ததும் நீயும் ஜெயதீபனும் அந்த ஏற்பாட்டுக்காரப் பெண்ணோடு புல்வெளியைப் பார்க்கப் போய்விட்டீர்கள், அங்கே வேறு யாருடைய கலியாணத்துக்கோ வெள்ளைக் கதிரைகள் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அப்பா கடைக்குள் போய்விட்டார். கடையில் அவள் முகம் போட்ட கோப்பை, அவள் பேர் போட்ட மிளகாய்ச் சோஸ், அவள் கையில் கத்தியோடு நிற்கிற காந்தப் பொம்மை. நாலாவது கலியாணம் முடித்திருந்தால் சேலைக்கும் அவள் பேர் வைத்திருப்பார்கள். நான் விறாந்தையில் கால் நீட்டி இருந்து பார்க்கிறேன், அங்கே வேலை செய்கிற ஒருவரும் அந்தப் புல்லுக்கு மேலால் நடக்கவில்லை. தட்டுக் கொண்டுபோகிற பொடியங்கள், குப்பை அள்ளுகிற மனுசி, எல்லாரும் சுற்றி வேலியோரமாக நடக்கிறார்கள், குறுக்கே போனால் இருபது காலடிதான். வெர்னா வந்து பக்கத்தில் இருந்தா. நான் சமையல் வேலைக்குப் போகிற முதியோர் இல்லத்துக் குசினியில் கதைக்கிற ஆங்கிலம் அவவுக்கு நல்லாக விளங்கியது. ஏன் பிள்ளை சுற்றிப் போகிறார்கள் என்று கேட்டேன்.

அவ சொன்னா, கரும்பு வெட்டப் பிடித்துக்கொண்டு வந்த அடிமைகளின் குடிசைகள் அங்கேதான் இருந்தனவாம். செத்தவர்களையும் குடிசைக்குப் பின்னால் அங்கேயே புதைத்தார்களாம். ஒரு கல்லும் வைக்கவில்லையாம். மேலே மண் போட்டுப் புல் வளர்த்தது பிறகாம். இருநூறுக்கு மேல் என்றா, தன்னுடைய ஆட்களும் கிடக்கிறார்கள் என்றா, தன் தாய்வழியில் ஒருத்தியின் பேர் மட்டும் பழைய பதிவு ஒன்றில் மாடுகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் நடுவில் இருக்கிறது என்றா. அதைச் சனத்துக்குச் சொல்கிறதில்லையா என்று கேட்டேன். சுற்றிக் காட்டுகிறது ஐம்பது நிமிடம், அதற்குள் மூன்று புருசன்மாரை முடிக்கவே நேரம் காணாது என்று சிரித்தா. அப்போ அவர்களின் பேய் ஒன்றும் வீட்டுக்குள் வருவதில்லையா என்று நானும் விடாமல் கேட்டேன். "உயிரோட இருக்கேக்கையே முன்வாசலால விடேல்லை அம்மா, செத்த பிறகு விடுவினமோ" என்கிற மாதிரி ஒன்று சொன்னா. சொல்லிவிட்டு அடுத்த பதினைந்து பேருக்கு நஞ்சுக் கதை சொல்ல எழும்பிப் போனா.

அதற்குப் பிறகுதான் நீ ஓடிவந்து, வாங்கோ அம்மா கேக் ருசி பார்க்க என்று என் கையைப் பிடித்து இழுத்தாய். எனக்கு எப்படி இறங்கும் பிள்ளை. செத்தவீட்டில் நாங்கள் வாய் நனைக்கிறதில்லை. செத்தவீட்டிலிருந்து போகும்போது ஒருவரிடமும் விடைபெற்று, போட்டு வாறன் என்று சொல்கிறதுமில்லை, பேசாமல் எழும்பி வருகிறதுதான் எங்கள் வழக்கம். அந்தப் பெண் கை நீட்டிக்கொண்டு நிற்க நான் போய்க் காரில் ஏறினது அதற்காகத்தான். கேக்கிலும் குறை இல்லை, அவவிலும் குறை இல்லை. உன் வீட்டு வாசலில் பூமரத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாயைப் பிடித்து, காவல்காரர் வாய் பிளந்து பார்க்கச் சேலையோடு தலையில் வார்த்ததும் அதற்காகத்தான். விசர் பிடித்தல்ல.

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். அந்தப் புல்லுக்கு நடுவில் நின்று, "அம்மா, மணவறை இதிலதான்" என்று நீ கையை விரித்துக் காட்டின நேரம் உன் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்தேன். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. உன் சுஜீதன் மாமா சண்டையில் போனபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய், உனக்கு அவன் சாமியறைப் படம் மட்டும்தான். எனக்கு அவன் தம்பி. அவனைக் கிடத்தின இடத்தில் பேர் எழுதின கல் ஒன்று இருந்தது, நான் கையால் தொட்டிருக்கிறேன். அதை இடித்து மட்டமாக்கி மேலே ஆமி முகாம் கட்டினார்கள், கல் இருந்த பக்கத்தில் இப்போது பந்து விளையாடுகிறார்களாம். விளையாடுகிறவர்களுக்குக் கீழே யார் என்று தெரியாது, நல்ல பிள்ளைகளாகவும் இருப்பார்கள். ஆனால் அவர்களை நினைத்து எத்தனை நாள் நான் வயிறெரிந்து திட்டியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. என் பிள்ளை அப்படி ஒரு இடத்தில் பட்டுடுத்தி நிற்க, வேலியோரமாகச் சுற்றி நடக்கிற வெர்னா என் பிள்ளையை அப்படிப் பார்க்கக்கூடாது. எனக்கு அந்த வெள்ளைக்காரியின் பேயில் ஒரு பயமும் இல்லை, அவள் வந்தால் துரத்த உன் அப்பாவே காணும்.

நான் பயப்படுகிறது வேறொன்றுக்கு. அதற்குப் பிறகு நாங்கள் அங்கே இருந்த நாலு நாளும் நீ என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. விமான நிலையத்தில், "அம்மா, ஒருக்காவாவது நோர்மலா இருக்க ஏலாதோ" என்று கேட்டாய். எனக்கு வந்த கோபத்தில் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பாராமல் உள்ளே போய்விட்டேன். அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும்போது அப்பா பச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டார், "பிள்ளைக்குப் போட்டு வாறன் எண்டு சொன்னனீரோ" என்று. செத்தவீட்டிலிருந்து வருகிற மாதிரி என் பிள்ளையிடமிருந்து வந்திருக்கிறேன். உயிரோடு, கண் கலங்கி, கண்ணாடிக்கு அங்கால் நின்றதாக அப்பா சொன்ன பிள்ளையிடம். மூன்று கிழமையாக அதனால்தான் எனக்கு நித்திரை இல்லை. உனக்கு ஒரு சின்னக் காய்ச்சல் என்றாலும் என்னால்தான் என்று நினைப்பேன்.

ஆகவே மூன்றாவது கேள்விக்கு மறுமொழி. வருவேன். நீ எங்கே வைத்தாலும் வருவேன், உன் கலியாணத்துக்கு வராமல் வேறு என்ன அலுவல் எனக்கு. ஆனால் அந்தப் புல்லில் வைத்தால் தாலி ஏறினதும் அட்சதை போட்டுவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், உன்னிடமும் சொல்லாமல்தான் எழும்பிப் போவேன். மாமியார் அதையும் வீடியோ எடுத்து மெரிலேண்ட்ஸில் காட்டட்டும். உன் ஆஸ்பத்திரிக் கார் பார்க்கில் வைத்தாயென்றால் வயிறு முட்டச் சாப்பிட்டு, அந்தக் காவல்காரருக்கும் பந்தி வைத்து, எல்லாரிடமும் நாலு தரம் சொல்லிக்கொண்டு வருவேன். யோசித்து நீங்கள் இருவருமே முடிவெடுங்கள். ஜெயதீபனுக்கு இதை வாசித்துக் காட்டு, அவர் விளங்கிக்கொள்கிற பிள்ளை, தாயைப் போலல்ல.

வெர்னாவைக் கண்டால் அம்மா கேட்டதாகச் சொல், அவவின் அந்தத் தாய்வழிப் பெண்ணின் பேரைக் கேட்டு எனக்கு எழுது, ஆடி அமாவாசை போய்விட்டது, அடுத்த அமாவாசைக்குத் தம்பிக்குப் படைக்கும்போது அவளுக்கும் ஒரு இலை போடுகிறேன். தலைக்கு எண்ணெய் வை, ஈரத் தலையோடு குளிர் அறையில் வேலைக்குப் போகாதே, அப்பாவுக்குப் போன் எடுத்து அந்தப் படம் நல்லாயிருக்கு என்று ஒருமுறை சொல்லு. நீயும் மருமகனும் நோய் நொடி இல்லாமல், நூறு வயது ஒற்றுமையாக இருக்க வேண்டும்.

அன்றைக்கு விமான நிலையத்தில் சொல்லாததை இப்போது சொல்கிறேன். நீ இரண்டு தரம் வாசி.

போட்டு வாறன், பிள்ளை.

உன் அம்மா
வ. இராஜேஸ்வரி