பேயாண்டி கட்டிய பேனர்

விளாங்குடி,
12.2.2025

அன்புள்ள மாப்ள சுருளிக்கு,

மரியராஜ் எழுதுவது. நானும் ஆனிமேரியும் நலம். நீயும் நலம் என்று உன் மகள் பவதாரிணி சொல்கிறாள், நான் நம்பவில்லை. போனில் ஆபரேஷன் என்று ஆரம்பித்தாலே கட் செய்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. அதனால்தான் பள்ளிக்கூட ஆபீஸில் முப்பது வருஷம் எழுதிய கையால் இதை எழுதுகிறேன். நீ விசில் ஊதிப் பையன்களை ஓடவிட்ட அதே முப்பது வருஷம்.

முதலில் நல்ல செய்தி. என் மகள் ரூத், தான் எடுத்த போட்டோக்களை கே.கே. நகரில் கண்காட்சியாக வைக்கிறாள். பெயர் ‘துணை’. பன்னிரண்டு படங்கள். பதினொன்றில் புருஷன் பெண்டாட்டி. மிச்சம் ஒன்றில் நீயும் நானும். போன வருஷம் உங்கள் வில்லாபுரம் டீக்கடை பெஞ்சில், என் கண்ணாடியைப் பிடுங்கி உன் வேட்டி நுனியில் துடைத்தாயே, அதுதான். நீ சிரிக்க, கண் தெரியாமல் நானும் பக்கத்தில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அன்பு என்ன கட்டிக்கிட்டவங்களுக்கு மட்டுமாப்பா என்று கேட்கிறாள் ரூத். ஆனிமேரியோ, நம்ம கல்யாண போட்டோவுலகூட என் பக்கத்துல இம்புட்டு நிம்மதியா நீங்க இருந்ததில்லையே என்று குத்திக்காட்டினாள். உண்மைதான்.

இனி நடந்த கூத்தைக் கேள். கண்காட்சி பேனருக்காக அந்தப் படத்தை உங்கள் தெரு பேயாண்டியின் பிளக்ஸ் கடைக்கு ரூத் அனுப்பினாள். எழுத வேண்டியதை அப்புறம் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு மறந்துபோனாள். நீ பெங்களூரில் மகள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அலைவது பேயாண்டிக்குத் தெரியும். நம் வயது ஆட்களின் படம் அவன் கடைக்கு எதற்காக வரும் என்று உனக்கே தெரியும். உன் முகத்தை வெட்டிப் பெரிதாக்கி, மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ போட்டு, கீழே மூலையில் என்னைப் பொட்டாக வைத்து ‘ஆறாத் துயரில் நண்பர் மரியராஜ்’ என்று அடித்துவிட்டான். மறுநாள் காலையில் தெரு முக்கில் அவனே கட்டியும்விட்டான். வாத்தியாருக்கு நான் செய்யாம யாரு செய்வா என்றானாம்.

பூ விற்கும் ஒச்சம்மாள் எனக்குப் போன் செய்து, ஏண்ணே எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே என்று அழுதாள். உன்னையும் பவதாரிணியையும் கூப்பிட்டேன், இரண்டு பேரும் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து வில்லாபுரம் வந்து பேனர் முன்னால் நின்றேன். நீ அம்புட்டு பெரிதாகச் சிரிக்கிறாய். ஒச்சம்மாள் மாலையும் போட்டுவிட்டாள். எனக்கு எழுத்து மங்கியது. பழக்கதோஷத்தில் கண்ணாடியைக் கழற்றிப் பக்கவாட்டில் நீட்டினேன், சுருளி. வாங்க ஆளில்லை.

அரைமணி நேரம் கழித்து பவதாரிணி கூப்பிட்டாள். அப்பா சட்னி சரியில்லைன்னு கத்திக்கிட்டு இருக்காரு மாமா என்றாள். நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டேன். பேயாண்டி விஷயம் தெரிந்து என் காலில் விழாத குறை. பேனரை அவனே கழற்றினான். எனக்கு அவன் மேல் கோபம் இல்லை. உன் மேல்தான் இருக்கிறது. இதய வால்வை மாற்றினால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியும், வந்த வரைக்கும் போதும் என்கிறாயாமே. யாருக்குப் போதும்? அந்த அரைமணி நேரம் நான் நின்ற இடத்தில் நீ நின்று பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டாய்.

உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இத்தனை வருஷத்தில் சொன்னதில்லை, இப்போது சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் வியாழக்கிழமைக்குள் அந்த ஆபரேஷன் பாரத்தில் கையெழுத்துப் போடு. ரூத் எடுத்த படத்தை உள்ளே வைத்திருக்கிறேன்; ஆஸ்பத்திரிக்கு அதையும் கொண்டுபோ.

கர்த்தர் உன்னைக் காப்பாற்றட்டும். உங்கள் குலசாமி முந்திக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்தான்.

கண்ணாடியை அன்றைக்குப் பிறகு நான் துடைக்கவில்லை. வந்து துடைத்துக்கொடு.

உன்,
மரியராஜ்