வலி ரெண்டு என்று எழுதிய நோட்டு

மதினி,

மூத்த பேரன் வனத்துறைப் பரீட்சையில் தேறிவிட்டான். அவன் தங்கை பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கே முதலாவது. சின்ன மகளின் பெண் மதுரையில் பிசியோதெரபி படிக்கிறாள். வெள்ளைக் கோட்டு போட்டு அவள் நிற்பதைப் பார்த்திருந்தால், வில்பட்டி முழுக்க நீங்களே சொல்லி முடித்திருப்பீர்கள். எனக்குச் சோலி மிச்சம்.

லீவுக்கு வந்தவள் ஓர் அட்டையை என் முன்னால் நீட்டினாள். சைபரில் இருந்து பத்து வரை எண்கள், எண்ணுக்கு மேலே முகங்கள். முதல் முகம் சிரிக்கிறது, கடைசி முகம் அழுகிறது.

"அம்மாச்சி, முட்டி வலி எத்தனைன்னு தொட்டுக் காட்டுங்க."

நான் முட்டியை மறந்து உங்களை நினைத்து உட்கார்ந்துவிட்டேன்.

பூண்டுக் காட்டில் எனக்கு அடுத்த பாத்தி எப்போதும் உங்களுடையது. ஒரு வருடம் உங்கள் விரல் கணுக்கள் வீங்கி, காலையில் கை மடங்காமல் போனது. காப்பித் தம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் ஏந்திக் குடிப்பீர்கள். நாயுடுபுரத்து மருத்துவ முகாமில் டாக்டரம்மா சரவாங்கி, அதாவது முடக்குவாதம் என்றார்.

"காவலுக்கு வச்ச நாய் வீட்டாளையே கடிக்கிற மாதிரிம்மா. உடம்பைக் காக்குற சக்தியே மூட்டைத் தாக்குது. அதான் வீக்கம்."

"அந்த நாய்க்கு நான் என்ன கொறை வச்சேனாம்?" என்று கேட்டு அவரையே சிரிக்க வைத்தீர்கள்.

இந்த நோய்க்கு எந்த மருந்து எந்த அளவில் கேட்கிறது என்று முகாம் டாக்டர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நீங்களும் அதில் சேர்ந்தீர்கள். தினமும் காலையில் வலி எத்தனை என்று குறிக்க ஒரு நோட்டு கொடுத்தார்கள். உங்களுக்கு எழுதத் தெரியாது. அஞ்சாம் வகுப்பு படித்த பவுசில் பேனாவை நான் வாங்கிக்கொண்டேன்.

"ரெண்டுன்னு போடு."

"மதினி, சேலை மடிப்பை நான்தானே சொருகிவிட்டேன். ரெண்டா?"

"ஏத்தா, அந்தப் பிள்ள பஸ் ஏறி மலைக்கு வந்து வைத்தியம் பாக்குது. கொறையலைன்னு சொன்னா மொகம் வாடிப்போகும். சமைச்சுப் போட்டவகிட்டயே உப்பு இல்லம்பாகளா? போடு."

போட்டேன். நாலு மாதமும் ரெண்டு, ரெண்டு, ரெண்டு. எழுதத் தெரிந்த கை என்னுடையது. நீங்கள் சொன்னதை எழுதினேன், என் கண்ணால் கண்டதை எழுதவில்லை.

ஐந்தாவது மாதம் டாக்டரம்மா நோட்டைப் புரட்டிவிட்டு ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார். "வலி ரெண்டுங்கிறீங்க. ரத்தத்துல வீக்கத்தோட அளவு கொறையாம அப்படியே இருக்கே" என்று குழம்பினார். பிறகு, "உங்களை மாதிரி பலர் எழுதுறதையும் சேத்துப் பாத்துத்தான் மத்தவங்களுக்கு எவ்வளவு மருந்துன்னு முடிவு பண்ணுவோம். அதனாலதான் கேக்குறேன்" என்றார்.

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். எனக்குத் தாங்கவில்லை. "அத்தனையும் பொய்ங்க. காலையில தலைமுடி கூட முடிய முடியல இவங்களால" என்று உடைத்துவிட்டேன்.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. பழையதை அழிக்க வேண்டாம், உண்மையைப் பக்கத்தில் எழுதுங்கள் என்று மட்டும் சொன்னார். கோபம் வந்தது உங்களுக்கு. வில்பட்டி வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்து வந்தீர்கள். மானத்தை வாங்கிவிட்டேனாம்.

மறுநாள் வெள்ளனே கதவைத் தட்டினீர்கள். சிரிப்பு இல்லை.

"நோட்டை எடுடி. எட்டு."

பழைய பக்கங்களையும் உட்கார்ந்து திருத்தினோம். ஒவ்வொரு ரெண்டுக்குப் பக்கத்திலும் ஏழு, எட்டு, ஒருநாள் பத்து. அந்தப் பத்தைச் சொல்லும்போதுதான் முதன்முறையாக என் முன்னால் அழுதீர்கள்.

மருந்தை மாற்றினார்கள். மூன்று மாதத்தில் வீக்கம் வற்றியது. மறுபடி பாத்தியில் எனக்கு முன்னே போனீர்கள். "வெரசா வாடி, பரீட்சையா எழுதுற?" என்று ஏசினீர்கள். ஆனால் மாரடைப்பு வந்து நீங்கள் போன நாள்வரை வலது கையில் சுண்டு விரலும் அடுத்த விரலும் நிமிரவில்லை. அந்த நாலு மாதத்தில் கோணியவை அவை. நீங்கள் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. நான்தான் என்னைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் கை இரண்டும் முந்தானைக்குள் இருக்கின்றன. எனக்கு அது பிடிக்கவில்லை. மருந்து கேட்ட பிறகு, பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு நீங்கள் நின்றதை உங்கள் மகள் போனில் எடுத்தாளே, அதைக் கேட்டு இன்று அவளுக்கு எழுதியிருக்கிறேன்: "பெருசாப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பு ஆத்தா. ஓரத்தை வெட்டிவிடாதே. உங்கம்மா விரல் எப்படிக் கோணியிருந்ததோ, அப்படியே தெரியட்டும்."