முழு திருப்தி, இப்படிக்கு டில்லிபாபு

11.2.1991, திங்கள்

வேன் இன்றைக்கும் நின்றுவிட்டது. செம்பரம்பாக்கம் ஏரி தாண்டி, காலை ஆறே கால். குன்றத்தூரில் ஏறின ஐந்து பெண்களும் நானும் இறங்கித் தள்ளினோம். வேன் ஓட்டுகிற என் வீட்டுக்காரர், இவர், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றார், பிரசவம் பார்க்கிற மாதிரி. அரை மணி தள்ளியும் அசையாத வண்டி, நாங்கள் களைத்துப் போய் விட்டதும் சாவியைத் திருப்பினால் சமர்த்தாகக் கிளம்புகிறது.

ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி கேட்டுக்குப் போகும்போது ஏழு பன்னிரண்டு; ஷிப்ட் ஏழு மணிக்கு. மேனேஜர் இராமச்சந்திரன் கேட்டிலேயே நின்றிருந்தார். "எழிலரசி, நீ பர்மனென்ட், உனக்குக் கவலை இல்ல. இந்த அஞ்சு பேருக்கும் மார்ச் இருபதோட இருநூத்தி நாப்பது நாள் முடியுது. அதுக்குள்ள மூணு லேட் விழுந்தா பிரேக் போட்டுருவேன். அப்புறம் ஒண்ணுலேர்ந்து எண்ணணும்."

இருநூற்று நாற்பது நாள் விட்டுப்போகாமல் வந்தால்தான் எங்கள் ஸ்விட்ச் கம்பெனியில் நிரந்தரம். அந்த ஐந்தில் ஒருத்தி இசைவாணி; வீட்டில் அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டாராம்: பர்மனென்ட் ஆனால் வேலை, ஆகாவிட்டால் வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை தயார். இவள்தான் தயாராக இல்லை.

இன்றைக்கு விழுந்தது முதல் லேட்.

12.2, செவ்வாய்

வேன் வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. வாங்கின ஷோரூம் பூந்தமல்லியில். அவர்களுடைய சர்வீஸ் தவிர வேறு யார் கை வைத்தாலும் கேரண்டி போய்விடும். எங்கள் தெரு மெக்கானிக் அப்பாவு அந்த வேனைப் பார்த்தாலே கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.

சாயங்காலம் கொண்டுபோய் விட்டோம். சர்வீஸ் சூப்பர்வைசர் பெயர் ஸ்ரீதர். இஸ்திரி கலையாத சட்டை, நகத்தில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார், "சின்ன விஷயம்மா. நாளைக்கு எடுத்துக்கலாம்."

13.2

நாளைக்காம்.

14.2

நாளைக்காம்.

காலை ஐந்து பத்து பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறோம். ஆறு பேருக்கு ஒரு கம்பி.

16.2, சனி

வேன் வந்துவிட்டது! ஒரே ஒரு மாற்றம். இடது பக்கம் திரும்பினால் ஹார்ன் அடிக்கிறது.

இது முன்பு இல்லை. இவரைக் கேட்டால், "வளைவுல ஹார்ன் அடிக்கறது நல்லதுதானே" என்கிறார். இவர் குணம் அப்படி. உலகத்தில் யார் என்ன சொன்னாலும் "சரிங்க சார்". கல்யாணத்தன்று ஐயர் மந்திரம் சொல்லி முடித்ததும் "சரிங்க சார்" என்றவர்.

அத்தைக்கு மட்டும் பரம சந்தோஷம். "தெரு முனையில பாம் பாம்னு கேட்டுச்சா, புள்ள வந்துட்டான்னு தோசக்கல்ல வெச்சிட்டேன்" என்றார்.

18.2, திங்கள்

நின்றது. அதே மாதிரி. கேட்டில் ஏழு இருபது.

இரண்டாவது லேட். இசைவாணி பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்து வரிசையில் உட்கார்ந்தாள். இன்னா சர்வீஸ் பண்ணானுங்க இவனுங்க? கழுவி, சீட்டுல பிளாஸ்டிக் கவர் போட்டுக் கொடுத்தா சர்வீஸா? இனி ஒரே ஒரு தடவை. ஒரு தடவை நின்றால் ஐந்து பேரின் எட்டு மாதம் போச்சு.

19.2

மறுபடியும் ஷோரூம். மறுபடியும் "சின்ன விஷயம்மா".

23.2, சனி

வேன் வந்தது. ஹார்ன் சரியாகிவிட்டது. இப்போது பிரேக் போட்டால் வைப்பர் ஓடுகிறது.

முதலில் சிரிப்புதான் வந்தது. வெயில் கொளுத்துகிறது, நாற்சந்தியில் வைப்பர் இரண்டும் சர் சர்ரென்று ஆடுகின்றன, டிராபிக் போலீஸ் வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். இவரும் நானும் மட்டும் சோமங்கலம் வரை ஓட்டிப் பார்த்தோம். போகும்போது ஒழுங்கு. திரும்பும்போது நின்றது. பிறகு சிரிப்பு வரவில்லை.

இது சரியாகும்வரை பெண்களை இதில் ஏற்றுவதில்லை என்று சொல்லிவிட்டேன்.

26.2, செவ்வாய்

ஐந்து பத்து பஸ் வரவில்லை. ஐந்தரையும் வரவில்லை. ஆறு பேரும் பால் வண்டியைக் கை காட்டி நிறுத்தி, கேன்களுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தோம். கம்பெனி கேட்டில் இறங்கும்போது ஆறு ஐம்பத்தெட்டு. இராமச்சந்திரன் வாட்சைப் பார்த்தார். அப்புறம் பாலைப் பார்த்தார். இசைவாணியின் தாவணி முழங்கால் வரை பால். ஆனால் லேட் இல்லை!

1.3, வெள்ளி

ஷிப்ட் முடிந்ததும் நானே பூந்தமல்லி போனேன். இவர் வேனை மறுபடி விட்டு மூன்று நாள் ஆகிறது. மேலிடத்துக்கு எழுதுவேன் என்றேன். ஸ்ரீதர் சிரித்துக்கொண்டே ஒரு ஃபைலை எடுத்துப் போட்டார்.

"தாராளமா எழுதுங்கம்மா. ஆனா எங்க ரெக்கார்ட்ல உங்க வண்டிக்குக் குறையே இல்லையே."

இரண்டு சீட்டு. இரண்டிலும் ஒரே வரி அச்சடித்திருக்கிறது: 'வேலை முழு திருப்தியாக முடித்துத் தரப்பட்டது.' இரண்டிலும் கீழே இவர் கையெழுத்து, அழகாக, வளைத்து, புள்ளி வைத்து: டில்லிபாபு.

அங்கே வழக்கமே அதுதான். கையெழுத்துப் போட்டால்தான் சாவி. சாவி கொடுத்தால்தான் ஓட்டிப் பார்க்க முடியும். ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே எல்லாருக்கும் முழு திருப்தி!

2.3

வீட்டில் சண்டை. "ஓட்டிப் பாக்காம எப்படிய்யா கையெழுத்து போட்ட?"

"அவர் பேனாவத் தொறந்து நீட்டிக்கினே நிக்கறாரு. எப்படி வாணாம்னு சொல்றது?"

அத்தை: "எம்புள்ள மரியாத தெரிஞ்சவன்."

நான் கம்பெனியில் ஒன்பது வருஷமாக இன்ஸ்பெக்ஷனில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு ஸ்விட்சை நாற்பது தடவை போட்டு அணைத்துப் பார்க்காமல் ஓ.கே. போட்டதில்லை. குறை இருந்தால் சிவப்புச் சீட்டு கட்டுவோம். பொருள் என்ன, குறை என்ன, பார்த்தவர் யார், மூன்று வரி. அந்தச் சீட்டு கட்டினதை எம்.டி. வந்து சொன்னாலும் யாரும் அவிழ்க்கக் கூடாது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன், பேனாவைத் திறந்து நீட்டினால் போதும், கையெழுத்துப் போடுகிறார்.

கோபத்தில் சோற்றில் உப்பு போட மறந்துவிட்டேன். இவர் அதற்கும் "நல்லாக்கீது" என்றார்.

4.3, திங்கள்

ஸ்ரீதருக்கு போன் செய்தேன். வண்டி ரெடியாம். "வியாழக்கிழமை வாங்க. புதன்கிழமை மட்டும் வந்துடாதீங்கம்மா, ஹெட் ஆபீஸ்லேர்ந்து இன்ஸ்பெக்ஷன் வராங்க."

ரொம்ப நன்றி ஸ்ரீதர்.

5.3

ஸ்டோரில் பழைய அச்சு சிவப்புச் சீட்டு ஒரு கட்டு கிடக்கிறது, தூக்கிப் போட வைத்தது. கேட்டு வாங்கிக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டில் பெண்களிடம் திட்டத்தைச் சொன்னேன். இசைவாணி ஒருத்திதான் பயந்தாள். "அக்கா, போலீஸ்ல புடிச்சிக் குடுத்துட்டா?"

"கையில சீட்டும் நூலும்தான் கீது. அதுக்கு எந்த போலீஸ்டி புடிக்கும்?"

6.3, புதன்

விவரமாக எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு ஷிப்ட் விட்டதும் யூனிஃபாரத்தோடு ஆறு பேரும் பஸ் ஏறினோம். இவரும் வந்தார், பலியாடு மாதிரி. ஷோரூம் வாசலில் கோலம், வாழை மரம். எங்களைப் பார்த்ததும் ஸ்ரீதருக்கு முகம் சுண்டிவிட்டது. "இப்ப வேணாம்மா, ப்ளீஸ்மா, வெயிட்டிங் ரூம்ல உட்காருங்க" என்று உள்ளே தள்ளினார். எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

உட்கார்ந்து, நாங்கள் தினமும் செய்கிற வேலையைச் செய்தோம். ஒவ்வொரு சீட்டிலும் பார்த்தவர் என்ற மூன்றாவது வரியில் என் பெயரைச் சுருக்கி எ.அ. என்று போட்டேன்.

பொருள்: சுவர்க் கடிகாரம். குறை: பத்தேகாலில் நிற்கிறது.
பொருள்: தண்ணீர் டிரம். குறை: டம்ளருக்குச் சங்கிலி இருக்கிறது, டிரம்மில் தண்ணீர் இல்லை.
பொருள்: 'வாடிக்கையாளரே தெய்வம்' போர்டு. குறை: தெய்வம் ஏழு பேர், நாற்காலி மூன்று.
பொருள்: சூப்பர்வைசர் மேஜைக் காலண்டர். குறை: இன்று என்ற தேதியே இதில் இல்லை.

கடைசியாக இவர் சட்டைப் பையிலிருந்த பேனாவில் ஒன்று கட்டினேன். குறை: தானாகக் கையெழுத்துப் போடுகிறது. இவர் படித்துப் பார்த்தார். அவிழ்க்கவில்லை.

எங்கள் வேனுக்குப் பன்னிரண்டு சீட்டு. காற்றில் ஆடி, மாரியம்மன் கோவில் வேப்பமரம் மாதிரி இருந்தது.

ஹெட் ஆபீஸ்காரர் பெயர் பாண்டுரங்கன். நரைத்த மீசை, முழங்கையில் பழைய தீக்காயத் தழும்பு. ஸ்ரீதர் அவரை அந்தப் பக்கம் அழைத்துப் போகப் பார்த்தார். அவரோ கடிகாரத்துக்குக் கீழே நின்று சீட்டைப் படித்தார். டிரம்மைத் திறந்து பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக, ஒன்று விடாமல் படித்துக்கொண்டே வேன் வரைக்கும் வந்துவிட்டார்.

"யார் இந்த எ.அ.?"

"நான்தான் சார். எழிலரசி. ஃபைனல் இன்ஸ்பெக்ஷன்."

"சீட்டை ஒழுங்கா எழுதியிருக்கீங்க. குறையைப் போட்டீங்க, காரணம் போடலையே?"

"காரணம் கண்டுபிடிக்கறது ரீவொர்க் டிபார்ட்மென்ட் வேலை சார்."

அவர் ஸ்ரீதரைத் திரும்பிப் பார்த்தார். ஸ்ரீதர் ஃபைலைத் திறந்து, "சார், கஸ்டமர் முழு திருப்தின்னு ரெண்டு வாட்டி எழுதிக் குடுத்திருக்காரு. இப்பவும் வண்டி ரெடி" என்றார். அதே மூச்சில் மூன்றாவது சீட்டை எடுத்து, பேனாவைத் திறந்து, இவர் முன்னால் நீட்டினார்.

என் உயிர் போய் வந்தது. இவர் கை தானாக மேலே போவதைப் பார்த்தேன். பேனாவை வாங்கினார். மூடினார். ஸ்ரீதர் சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகினார்.

"ஓட்டிப் பாத்துட்டுப் போடறேன் சார்," என்றார். சொல்லியே விட்டார்!

பாண்டுரங்கன் தானே ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். எங்களையும் ஏறச் சொன்னார். ஸ்ரீதரையும். குன்றத்தூர் சாலையில் ஐந்தாவது மைலில், சொல்லி வைத்தாற்போல், நின்றது. இவ்வளவு நாள் நிற்கும்போதெல்லாம் சபித்தேன், இன்றைக்குக் கும்பிட்டேன். எல்லாரும் இறங்கித் தள்ளினோம். ஸ்ரீதர் இஸ்திரிச் சட்டையோடு தள்ளினார். இசைவாணி பக்கத்திலேயே நின்று, "இன்னும் கொஞ்சம் சார், இன்னும் கொஞ்சம்" என்றாள்.

7.3, வியாழன்

பெட்ரோல் டாங்கிக்குள் துணி! மஞ்சள் துடைப்புத் துணி, ஒரு முழம். பொங்கலுக்கு முந்தின ஃப்ரீ சர்வீஸில் டாங்கியைத் துடைத்த எவனோ உள்ளேயே விட்டுவிட்டான். பெட்ரோல் குறைந்தால் துணி போய்க் குழாய் வாயை அடைக்கிறது, வண்டி நின்றதும் விலகிக்கொள்கிறது. அவர்கள் ஷெட்டுக்குள் நிறுத்தியே எஞ்சினை உறுமவிட்டுப் பார்த்தார்கள். ஒருவன்கூட ஒரு மைல் ஓட்டவில்லை.

பாண்டுரங்கன் எதிரிலேயே சரி செய்தார்கள், வைப்பர் உட்பட. திருப்திச் சீட்டில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாராம்: 'ஓட்டிப் பார்த்த பிறகு.' இவர் இருபது மைல் ஓட்டிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார். அங்கிருந்த மெக்கானிக்குகள் டீ குடித்து முடித்து அடுத்த டீயும் குடித்துவிட்டார்களாம்.

ராத்திரி சாப்பிடும்போது இவர் சொன்னார்: "இன்னிக்கு உப்பு ஜாஸ்தி." அத்தை என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

13.3

ஆறு நாளாக வேன் ஓடுகிறது. தினமும் ஏழுக்குப் பத்து நிமிஷம் முன்னால் கேட்டில் இருக்கிறோம். யாரும் வண்டிக்குள் வாயைத் திறப்பதில்லை. ஏரி தாண்டினதும்தான் மூச்சு விடுகிறோம்.

20.3, புதன்

இருநூற்று நாற்பது.

21.3, வியாழன்

நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். ஐந்து பெயரும் இருக்கிறது. இசைவாணி தன் பெயரை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மை கலைந்துவிடப் போகிறது என்று இராமச்சந்திரன் அதட்டினார். சாயங்காலம் அவள் அப்பாவே வீட்டுக்கு வந்து, மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆள் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அவர் முகம் சரியில்லைதான். ஆனாலும் அத்தை கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

22.3, வெள்ளி

இன்று கேட்டுக்குப் போகும்போது ஏழு பதினைந்து.

இராமச்சந்திரன் வாட்சை எங்கள் முகத்துக்கு நேராகவே நீட்டினார். "மறுபடியும் வண்டி நின்னுச்சா?"

"ஆமாம் சார், நின்னுச்சு," என்றேன். பின்னால் ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டு வெள்ளரிப் பிஞ்சு மென்றுகொண்டிருந்தார்கள். உதட்டில் மிளகாய்த்தூள்.

கூடைக்கார அம்மாளைப் பார்த்து, வண்டியை நிறுத்தச் சொன்னது நான்தான்.