வலது ஷூவின் கறுப்புத் தடம்

தோஸ்து,

காலையில் ஷூவைத் துடைக்க எடுத்தேன். இடது ஷூவின் நுனியில் புதிதாக ஒரு கறுப்புத் தடம், கியர் போட்டுப் போட்டுத் தேய்ந்தது. வலது ஷூவில் உன் வண்டி போட்ட பழைய தடம் அப்படியே இருக்கிறது.

அந்த ஒற்றை சிலிண்டர் வண்டிக்கு கியர் வலது காலில், பிரேக் இடது காலில். எனக்குப் பழக்கும்போது பின்னால் உட்கார்ந்து, தப்பு செய்தால் தலையில் தட்டுவாய். "ஊரே எடது கால்ல கியர் போடுது. நாம சோத்தாங்கால்ல போட்றோம் மாமு. அது தனி கெத்து."

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு அதை நான்தான் ஓட்டினேன். ஞாயிறுதோறும் அதில்தான் காலடிப்பேட்டைக்கு உன் அம்மாவைப் பார்க்கப் போவேன். இன்ஜினை அணைப்பதற்குள் கேட் திறந்துவிடும். ஒருநாள் சொன்னார்: "சத்தம் கேட்டா கை தானா கேட்டாண்ட பூடுது. தொறந்தா நீ நிக்கிற. என்னால முடில நைனா, வித்துடு."

பெரம்பூரில் ஒருவரிடம் பேசி வைத்தேன். வகுப்பில் ஒளித்து ஒளித்து நாம் போட்டோ பார்த்த அந்தப் பழைய வண்டி, அதே பெயரில், அதே டேங்க் வளைவோடு மறுபடி வந்திருக்கிறது; அந்தப் புது மாடலை எடுத்தேன். இதில் ஊர் வழக்கப்படி கியர் இடது காலில், பிரேக் வலது காலில். உதைக்க வேண்டாம், பட்டனைத் தொட்டால் போதும். உன் வண்டியில் கண்ணாடி அதிர்ந்து, பின்னால் இருக்கும் உன் முகம் வெறும் கலங்கலாகத் தெரியும். இதில் கண்ணாடி ஆடவே ஆடாது. பின் சீட்டு காலி என்பது அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

நேற்று எர்ணாவூரில் கியர் மாற்ற வலது காலை அழுத்தினேன். அது பிரேக். பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. பின்னால் கன்டெய்னர் லாரி.

"இன்னாடா, தூங்கிகினு ஓட்றியா?" என்று டிரைவர் கத்தினார்.

என் காதில் அவர் குரல் ஏறவில்லை. தலையில் தட்டு விழப்போகிறது என்று கழுத்தை ஒடுக்கிக்கொண்டு காத்திருந்தேன். விழவில்லை.

அங்கிருந்து நேராக உன் வீட்டுக்குப் போனேன். கேட் திறக்கவில்லை. கூப்பிட்ட பிறகுதான் உன் அம்மா திறந்தார். என்னைத் தாண்டி வண்டியைப் பார்த்தார்.

"காலைலேர்ந்து கேட்டாண்டயே குந்திகினு கீறேன். நீ வந்ததே தெரில. பழசு எங்கடா?"

"நாளைக்கு எட்த்துகினு போறாங்கம்மா."

கேட்டின் கொக்கியைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார்.

"விக்காத நைனா. அந்த சத்தம் கேட்டு தொறந்துட்டுப் போறேன்."

பெரம்பூர்க்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்று ஞாயிறு. உன் வண்டியைத்தான் உதைக்கப் போகிறேன்.

இடது ஷூவை மட்டும் துடைத்தேன்.