ராணியின் கடைசிக் குட்டி

திங்கள்

கச்சான் காற்று, வாயெல்லாம் மணல். வலைக்கொட்டகையில் எங்கள் நாய் ராணியின் குட்டி ஒன்று செத்துக் கிடந்தது. ரத்தக் கழிச்சல். வாங்க வேண்டியது: பிளீச்சிங் பவுடர், தேங்காய் எண்ணெய், போன் ரீசார்ஜ்.

வலைக்குக் காவல் கிடக்கும் நாயின் குட்டிகள் வள்ளத்துக்கு ஒன்று. ஊர் வழக்கம். என் வீட்டுக்காரர் இருந்தவரை பங்கு பிரிப்பது அவர்தான். விஷயம் கேட்டுக் கொழுந்தன் அந்தோணி ஓடி வந்தான். "மைனி, இங்கன கிடந்தா மத்த குட்டிக்கும் தொத்திரும். எங்க பங்க நான் கொண்டு போயிருதேன்." பின்னாலேயே மற்ற வள்ளக்காரர்களும். கொடுத்துவிட்டேன். எனக்குச் சிப்பிக்குட்டி மட்டும். இருந்ததில் சின்னது.

புதன்

அந்தோணி வீட்டுக் குட்டிக்கும் கழிச்சல். கோயில் தெருவில் ஒன்று செத்தாச்சு. காப்பாற்றத்தான் தூக்கிப் போனார்கள். நோயும் கூடவே தெருத்தெருவாய்ப் போய்விட்டது.

மதியம் சிப்பி வாந்தி. ஆட்டோ பிடித்துக் கால்நடை ஆஸ்பத்திரி. டாக்டரம்மா சின்னப் பெண், பொறுமைசாலி. "பார்வோங்கிற வைரஸ் இருக்கும்மா. கூடவே நாய்க்கு வர்ற கொரோனாவும். அது தனியா வந்தா பெரும்பாலும் தாங்கிரும், ரெண்டும் சேர்ந்தா குட்டிக் குடல் தாங்காது." எந்த வகைக் கொரோனா என்று பார்க்க லேபுக்கு மாதிரி எடுத்து அனுப்புகிறார்களாம். "கழிச்சல் வழியாத்தான் பரவுது. மத்த நாயப் பக்கத்துல விடாதீங்க. நமக்கு வந்த கொரோனா வேற, இது வேற." பாதி காதில் ஏறவில்லை. அந்தப் பேர் மட்டும்தான் கேட்டது.

வியாழன்

ஊரெல்லாம் இதே பேச்சு. பக்கத்து வீட்டு ரோஸ்லின் வாசலுக்கு அப்பாலேயே நின்றுகொண்டு, "ஏளா, அத வீட்டுக்குள்ளயா வச்சிருக்க? அண்ணன் போனது பத்தாதா? ஆத்துப் பக்கம் விட்டுட்டு வந்துரு."

டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன்.

"அப்பவும் ஒண்ணுமில்லன்னுதான சொன்னாவ."

அவள் மேல் கோபமில்லை. அவர் கொரோனாவில் கிடந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி கேட்டில் என்னோடு நின்றவள் அவள்தான். உள்ளே இருந்து அவர் போனில், "தண்ணி தர ஆளில்லட்டி" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. என்னை உள்ளே விடவில்லை. பிறகு முகத்தைக்கூட பிளாஸ்டிக்குக்குள்தான் காட்டினார்கள்.

சிப்பியை ஆற்றில் விட மாட்டேன். அவர் இடுப்பில் கட்டிய பழைய சாரத்தை விரித்து அடுப்படியில் படுக்க வைத்தேன்.

வெள்ளி

காற்று நின்றுவிட்டது. மீன் வாங்கவில்லை. கரண்டியில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். ஒரு வாய் இறங்கியது. பிறகு கடைவாயில் வழிந்தது.

விடிந்ததிலிருந்து ராணி வாசலில் முனகிக்கொண்டே. விரட்டினேன், போகவில்லை. டாக்டரம்மா சொன்னது நினைவிருந்தது. ஆனாலும் முடியவில்லை. கேட்டுக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கதவைத் திறந்துவிட்டேன்.

நேரே போய்க் குட்டியை நக்கத் தொடங்கியது. மூச்சு நின்ற பிறகும் நக்கிக்கொண்டேயிருந்தது.