மூக்குத்திக் கல்

கரமனை,
திருவனந்தபுரம்.
18.7.2006

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை திவ்யலட்சுமி எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மதினியும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே மழை விட்டபாடில்லை. துவைத்த துணி உலர மாட்டேன் என்கிறது. போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே வந்து நிற்பாள். அதனால்தான் கடிதம்.

படம் விஷயத்துக்கு வருகிறேன். கல்லாற்றங்கரையில் அப்பா அம்மாவை எடுத்த படம் போலவே, அதே லென்ஸில் இப்போதும் ஒன்று வேண்டும் என்று டிஜிட்டல் கேமரா வாங்கி அனுப்பினாய். அப்பா போன பிறகு பெட்டியிலேயே கிடந்த லென்ஸ். நான் எடுத்து அனுப்பியதெல்லாம் மங்கல் என்று திட்டினாய். நான் லென்ஸைக் குறை சொன்னதற்கு, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கேலி வேறு. உன் கேலிக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

நீ சொன்னதையெல்லாம் செய்தேன். கிழக்கேகோட்டையில் கேமரா ரிப்பேர் பார்க்கும் வேலாயுதனிடம் லென்ஸைக் கொடுத்தேன். உள்ளே படர்ந்திருந்த பூஞ்சையைத் துடைத்துவிட்டு, இனி இதுக்கு ஒரு கேடும் குழப்பமும் இல்லை மோளே என்றார். பழைய லென்ஸ் தானாக ஃபோகஸ் பிடிக்காது என்பதால், அம்மாவின் மூக்குத்தியைப் பார்த்துக் கையாலேயே வளையத்தைத் திருப்பினேன். அப்பர்ச்சரைச் சுருக்கினால் கூர்மை கூடும் என்றாய், எட்டில் வைத்தேன். அதில் வெளிச்சம் குறைந்து ஷட்டர் மெதுவாகிவிட்டது. கேமரா அசையக் கூடாது என்று ஸ்டாண்டில் நிறுத்தி, அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்தேன்.

கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால், நாற்காலியின் பிரம்புப் பின்னல் இழை இழையாகத் தெரிகிறது. தோளோரச் சுவர்க் காலண்டரில் ராகுகாலம்கூடப் படிக்க முடிகிறது. அம்மாவின் முகம் மட்டும் மங்கல். மூக்குத்திக் கல் புள்ளியாக விழாமல் சிறு கோடாக இழுபட்டிருக்கிறது.

லென்ஸ் சரியாகத்தான் இருக்கிறது அண்ணே. அம்மாவுக்குத்தான் தலை ஆடுகிறது.

கூடவே இருந்தும் எனக்குப் படத்தைப் பார்த்துத்தான் உறைத்தது. காப்பியை அரை டம்ளராக ஊற்றிக்கொள்வதைச் சிக்கனம் என்று நினைத்தேன். கையை முந்தானைக்குள் வைத்திருப்பதை மழைக்குளிர் என்று நினைத்தேன். கேட்டால், ஒண்ணுமில்லட்டி, நீ கேமராவ ஒழுங்காப் பிடி என்கிறாள். வம்படியாக டாக்டரிடம் கூட்டிப்போனேன். நரம்பு நோய், மருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், குணமாக்க முடியாது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா தனக்கு அழுகை வராததுபோல் காட்டிக்கொண்டாள். அவன் அங்கே கிடந்து விசாரப்படுவான், எழுதிராதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதை மீறித்தான் எழுதுகிறேன்.

வேலாயுதன் ஒரு வழி சொன்னார். ஃப்ளாஷ் போட்டால் ஆட்டம் படத்தில் தெரியாதாம், முகம் தெளிவாக விழுமாம். அப்படி எடுத்து அனுப்பினால் நீயும் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, அடுத்த வருஷம் போய்ப் பார்க்கலாம் என்று இருந்துவிடுவாய். அதனால் நான் ஃப்ளாஷ் போடவில்லை. மங்கல் படத்தையே இதோடு வைத்திருக்கிறேன்.

படம் அனுப்புவதாக மட்டும்தான் அம்மாவுக்குத் தெரியும். நல்லா இரு மக்களே என்று கடிதக் கடைசியில் எப்போதும் தன் கையால் எழுதுவாளே, இந்த முறை என்னையே எழுதச் சொல்லிவிட்டாள்.

ஓணத்துக்கு லீவு கேட்டு வா, அண்ணே. நீ பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொள். நான் எடுக்கிறேன்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
திவ்யா