நான் கத்தியதற்குத் தெருவே சாட்சி

ஐலிக்கண்ணே,

ஊர் அமைதியைக் குலைத்தேன் என்று உன் மாமன் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். ஞாயிறு மதியம் உன் வாசலில் நின்று நான் போட்ட சத்தத்தில், கிரீனக் துறைமுகத்துக் கப்பலெல்லாம் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதாகக் கேள்வி.

"பெரியவரே, தெருவே மிரண்டுபோச்சு. அதுதான் குற்றம்" என்றார் போலீஸ்காரர்.

"கட்டின புருஷன் ஃபெர்கஸ் என் அக்கா பொண்ணை அடிச்சானே, அது என்னய்யா, கொஞ்சலா?" என்றேன்.

அடி விழக்கூட வேண்டாமாம். மிரட்டிக் கை ஓங்கினாலே தாக்குதல்தானாம். ஆனால் இந்த ஸ்காட்லாந்துச் சட்டத்துக்கு ஒருவர் சொல் போதாது, இரண்டு பேர் சொல்ல வேண்டும். ஜன்னல் வழியே பார்த்தவன் நான் ஒருவன். நீயோ கறுத்த கண்ணோடு நின்று, "படியில விழுந்துட்டேன்" என்றாய். எந்தப் படியடி? உன் வீடு தரைத்தளம்!

நான் கத்தியதற்குத் தெரு முழுக்கச் சாட்சி. உன் புருஷன் அடித்ததற்குப் பாதிச் சாட்சி. எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

வியாழக்கிழமை நீதிமன்றத்தில் என் குற்றத்தை ஒப்புக்கொள்வேன். இன்னும் பலமாகக் கத்தாததற்கு மன்னிப்பும் கேட்பேன். அங்கிருந்து நேராகப் போலீஸ் நிலைய வாசலுக்கு வந்து நிற்பேன். பெட்டி கட்டாதே, கோட்டை மாட்டிக்கொண்டு வா. என் பின்னறை காலியாகத்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
மீதிப் பாதிக்காகக் காத்திருக்கும் பாதிச் சாட்சி,
உன் தாய்மாமன்